நாற்காலி அறுந்த நாள்

1961-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ரான் ஹிக்மேன் என்ற கார் வடிவமைப்பாளர் தன் வீட்டுக்குத் துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். தச்சு வேலைக்கான பெஞ்சு வீட்டில் இல்லை. கையில் கிடைத்த நாற்காலியின் மேல் பலகையை வைத்து ரம்பத்தை ஓட்டினார். பலகை அறுந்தது. அடியில் இருந்த நாற்காலியும் அறுந்தது. சுவீடனில் செய்த, விலை கூடிய நாற்காலி அது.

வீட்டில் மரவேலை செய்து பார்த்த யாருக்கும் இது புதிதல்ல. திண்ணை விளிம்பையும் ஸ்டூலையும் மாடிப்படியையும் பெஞ்சாக்கிக்கொண்டு நாம் எல்லாரும் அறுத்திருக்கிறோம், எதையாவது கெடுத்திருக்கிறோம். கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஹிக்மேன் அங்கேயே நின்றார். அந்த நாற்காலியில் தொடங்கிய தேடல்தான், பின்னால் 'ஒர்க்மேட்' என்ற பெயரில் உலகமெங்கும் போன மடக்குப் பெஞ்சாக முடிந்தது.

மரவேலையில் பாதிக் கஷ்டம் அறுப்பதிலும் இழைப்பதிலும் இல்லை, மரத்தை அசையாமல் பிடித்து வைப்பதில் இருக்கிறது. நம் ஊர் ஆசாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மதுரைப் பக்கம் பசுமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் நிலைக்கதவு செய்யும் பழைய ஆசாரிகள் இன்றும் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள். பலகையின் ஒரு முனையைச் சுவரில் அண்டக் கொடுத்து, மறுமுனையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு இழைப்புளியைத் தள்ளுவார்கள். சின்னக் கட்டையானால் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு உளி போடுவார்கள். வெட்டுகிறவர் உடம்பின் எடையே அங்கே மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாதம் போகும் இடமெல்லாம் பட்டறைதான். சிறு வயதிலிருந்து பழகாதவர்களுக்கு அந்தக் கால் வராது. அவர்களுக்கு ஒரு பெஞ்சு வேண்டும், அந்தப் பெஞ்சில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ் வேண்டும்.

ஐரோப்பியத் தச்சரின் பெஞ்சு நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். அந்தப் பாரம்தான் அதன் பலம். இழைப்புளியைத் தள்ளும்போது பெஞ்சு நகரக்கூடாது. ஓரத்தில் ஒரு வைஸ் பொருத்தியிருப்பார்கள். இந்தப் பெஞ்சைப் போட ஒரு தனி அறை வேண்டும். இரண்டு அறை வீட்டில் வாழ்கிறவன் எங்கே போடுவான்?

ஹிக்மேன் இதற்குச் சொன்ன விடை ஒரே வரி: மேசையின் மேற்பரப்பே வைஸாக இருக்கட்டும். அகலமான ஒரு பலகைக்குப் பதில் நீளமான இரண்டு பலகைகள், நடுவில் ஓர் இடைவெளி. ஒரு பலகை அசையாது. மற்றொன்று இரண்டு திருகுகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். மூடினால் அது மேசை, திறந்து நடுவில் மரத்தை வைத்து இறுக்கினால் பலகையின் முழு நீளத்துக்கும் ஒரு வைஸ். அதற்குக் கீழே மடங்கும் கால்கள், அவற்றின் அடியில் மிதித்து நிற்க ஒரு படி. நாம் படியில் ஒரு காலை ஊன்றினால் நம் எடை பெஞ்சுக்கு வந்துவிடுகிறது. நாலு பேர் தூக்கும் பாரம் தேவையில்லை.

மடங்குவதைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் திருகுகளைச் சுற்றும் அந்த இரண்டு கைப்பிடிகளைத்தான் சொல்வேன். இரண்டு திருகுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. இடது கையால் ஒன்றை நாலு சுற்று, வலது கையால் மற்றொன்றைப் பத்துச் சுற்று சுற்றலாம். அப்போது பலகைகள் இணையாக இல்லாமல் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்த மரத்தையும் அது கவ்விக்கொள்ளும். சாதாரண வைஸில் இப்படிப்பட்ட மரத்தைப் பிடிக்க ஆப்பு வைக்க வேண்டும். நம் வீடுகளில் கடைசலில் செய்த கட்டில் கால், மண்வெட்டிக் காம்பு, அரிவாள்பிடி என்று எதை எடுத்தாலும் முனைக்கு முனை தடிமன் மாறும். இவற்றையெல்லாம் இது பிடிக்கிறது. பலகைகளில் வரிசையாகத் துளைகள் உண்டு. அவற்றில் சுழலும் பிளாஸ்டிக் முளைகளைச் செருகிவிட்டால், இடைவெளியைவிட அகலமான பலகைகளையும் வட்டமான தட்டுகளையும் மேலே படுக்க வைத்து இறுக்கலாம்.

ஹிக்மேன் தச்சர் இல்லை. 1932-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் கிரேடவுன் என்ற ஊரில் பிறந்தவர். 1950-களின் நடுவில் இங்கிலாந்துக்கு வந்தார், ஃபோர்டு கார் கம்பெனியில் வேலை பார்த்தார், பிறகு காலின் சேப்மேனின் லோட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் காரின் வடிவமைப்பில் பெரும் பங்கு இவருடையது. அந்தக் காரின் உடல் கண்ணாடி இழை. அதைத் தாங்குவது மெல்லிய இரும்புத் தகட்டை மடக்கிப் பெட்டியாக்கிக் காரின் நடுவே நீளவாக்கில் ஓட விட்ட ஒரு சட்டம். எடை குறைவு, முறுக்கினால் முறுகாது. மடக்குப் பெஞ்சின் யோசனை தோன்றிய காலமும் எலான் உருவான காலமும் ஒன்றே. குறைந்த உலோகத்தில் எங்கே விறைப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று பகலெல்லாம் கணக்குப் போட்ட கை, வீட்டில் அதே கணக்கைப் பெஞ்சுக்குப் போட்டிருக்கிறது. முறைப்படி தச்சு பயின்ற ஒருவர் கனமில்லாத பெஞ்சை நினைத்தே பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்து முடித்ததை எடுத்துக்கொண்டு கருவிக் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். ஸ்டான்லி வேண்டாம் என்றது. நூற்றுக்கணக்கில் போகாது, டஜன் கணக்கில்தான் போகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பிளாக் அண்ட் டெக்கரும் வேண்டாம் என்றது. மற்றவர்களும் அப்படியே. பெஞ்சு விற்கும் சந்தையை அவர்கள் அளந்தார்கள். ஏற்கெனவே பெஞ்சு வைத்திருக்கும் தச்சன் இன்னொன்று வாங்க மாட்டான் என்பது சரிதான். பெஞ்சே இல்லாத வீடுகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. துளையிடும் மின்கருவிகளை அதே கம்பெனிகள் அந்த வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தன. ஒரு கையில் டிரில்லைப் பிடித்தவன் துளைபோட வேண்டிய பலகையை எந்தக் கையால் பிடிப்பான் என்று கேட்டிருந்தாலே போதும்.

1967-இல் ஹிக்மேன் லோட்டஸை விட்டு வெளியே வந்தார். 1968-இல் பெஞ்சைத் தானே தயாரித்து விற்கத் தொடங்கினார். கடைகளை நம்பவில்லை, கட்டடத் தொழில் கண்காட்சிகளில் கொண்டுபோய் விரித்து வைத்து, தொழிலாளிகளிடம் நேரடியாக விற்றார். இந்தப் பொருளைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தவன் கையோடு வாங்கிக்கொண்டு போவான். விற்பனை ஏறியது. 1970-களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் மனம் மாறி, உரிமம் பெற்றுத் தயாரிக்க ஆரம்பித்தது. 1981-க்குள் ஒரு கோடி பெஞ்சுகள் விற்றிருந்தன. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஹிக்மேனுக்குப் பங்குத்தொகை போனது. போலிகள் பெருகியபோது காப்புரிமையை வைத்து நீதிமன்றத்தில் விடாமல் வாதாடினார். 2010-இல் ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் ஒரே நிறுவனமாயின. மறு வருடம் பிப்ரவரியில் ஜெர்சி தீவில் தம் 78-ஆம் வயதில் ஹிக்மேன் காலமானார்.

அவர் செய்த பழைய பெஞ்சுகள் இன்னும் சாகவில்லை. முதல் வருடங்களில் வந்தவற்றின் பக்கச் சட்டங்கள் வார்ப்பு அலுமினியம். பின்னால் வந்தவை செலவைக் குறைக்கத் தகட்டு இரும்புக்கு மாறின, இன்னும் பின்னால் வந்தவற்றில் தகடே மெலிந்துபோனது. ஆகையால் பழசைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. மதுரையில் தேட வேண்டிய இடம் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அதைவிட்டால் பழைய இரும்புக் கடைகள். நான் வாங்கியபோது கடைக்காரர் அதை இஸ்திரி மேசை என்று சொல்லித்தான் கொடுத்தார். கால்களை மடக்கி, கயிறு போட்டுக் கட்டி, குப்புறக் கிடத்தியிருந்தார். அடிப்பக்கத்தில் எட்டிப் பார்த்த இரண்டு திருகுகள்தான் காட்டிக் கொடுத்தன.

வாங்குமுன் அங்கேயே விரித்துப் பார்த்துவிட வேண்டும். பலகை உளுத்திருந்தால் கவலையில்லை, மாற்றிவிடலாம். திருகு துருவேறி இறுகியிருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பார்க்க வேண்டியது வார்ப்புச் சட்டத்தில் கால்கள் பூட்டும் மூலைகளை. மயிரிழை வெடிப்பு இருந்தால் விட்டுவிடுவது நல்லது. வார்ப்பு அலுமினியத்தைப் பற்றவைக்கத் தெரிந்த கை எளிதில் கிடைக்காது. அதே காரணத்தால் இறுகிய மூட்டைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது, இரும்பு வளையும், வார்ப்பு உடையும்.

திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தால் பல வருடத்து மரத்தூளும் காய்ந்த கிரீஸும் கழன்று வரும். மறுபடி கிரீஸ் தடவத்தான் கை போகும். தடவக்கூடாது. அறுக்கிற தூள் எல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகி மறுபடி இறுகும். மெழுகுவர்த்தியை எடுத்து மரையில் தேய்த்தால் போதும், வழுக்கிக்கொண்டு ஓடும். கால் மூட்டுகளில் ரிவெட் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், அதைத் துளைத்தெடுத்துவிட்டு போல்ட் போட்டு நைலாக் நட் மாட்டலாம். மடக்கி விரிக்கையில் சாதாரண நட் கழன்றுகொண்டே வரும். உடைந்த பிளாஸ்டிக் முளைகளுக்குப் பதில், லேத் பட்டறையில் நைலான் உருளையைக் கொடுத்தால் கடைந்து தந்துவிடுகிறார்கள்.

பலகையில்தான் எனக்கும் எங்கள் தெரு ஆசாரிக்கும் வாக்குவாதம். "பிளைவுட்டெல்லாம் எதுக்கு தம்பி? இடிச்ச வீட்டுத் தேக்குக் கதவு ஒண்ணு எங்கிட்ட கிடக்கு, அதுல போட்டுத் தர்றேன்" என்றார். தேக்கு அழகுதான். ஆனால் இந்தப் பலகை முழு நீளத்துக்கும் நேராக நிற்க வேண்டும், துளி வளைந்தாலும் பிடி நடுவில் விட்டுப்போகும். சித்திரை வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் உப்பும் நம் ஊர்க் காற்றில், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பிளைவுட்தான் நேராக நிற்கும். பழைய பெஞ்சுகளில் அசலாக வந்ததும் ஒட்டுப்பலகைதான். தண்ணீருக்குத் தாங்கும் ரகத்தில் இரண்டு அடுக்கைச் சேர்த்து ஒட்டி, பழைய பலகையையே அச்சாக மேலே வைத்துத் துளைகளைக் குறித்து, விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கி மாட்டினோம். அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். கவ்வும் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய தேக்குச் சட்டம் ஒட்டியே ஆக வேண்டும் என்று நின்றார். அது சரியான யோசனை. அடுக்குகளின் ஓரம் பிசிறாமல் இன்றுவரை காக்கிறது.

மேலே பரப்பு போதவில்லை என்கிறவர்கள், பெரிய பலகை ஒன்றின் அடியில் நீளமாக ஒரு ரீப்பரை அடித்துக்கொள்ளலாம். ரீப்பரை இடைவெளியில் இறக்கி இறுக்கினால் மொட்டை மாடியில் ஒரு முழு மேசை தயார். சாணை மெஷினையும் டிரில் ஸ்டாண்டையும் இப்படித் தனித்தனிப் பலகைகளில் பூட்டி வைத்துக்கொண்டு, வேண்டியபோது மாட்டிக் கழற்றலாம். பெஞ்சில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

ஆசாரி முதலில் அந்தப் பெஞ்சில் வேலை பார்க்கவே இல்லை. ஒரு நாள் கட்டில் கால் ஒன்றைக் கொண்டுவந்தார். பலகைகளுக்கு நடுவே வைத்து ஒரு கைப்பிடியைச் சுற்றினார், அடுத்ததைச் சுற்றினார், சாய்ந்து கவ்வியதைப் பார்த்தார். "ரெண்டும் தனித்தனியா ஓடுது!" என்றவர், அதன்பின் கால்களைப் பாதியாக மடக்கித் தாழ்த்தி, முழங்கால் உயரத்துக்கு வைத்துக்கொண்டார். அந்த உயரமும் பெஞ்சிலேயே உள்ளதுதான், அறுப்பதற்காக வைத்தது. அவருக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை. மிதிபடி உலோகம், மேலே வரிவரியாகச் சொரசொரப்பு. பூட்ஸ் போட்டு மிதிக்கிறவர்களுக்காகச் செய்தது. வெறுங்காலுக்கு உறுத்துகிறது, வெயிலில் காய்ந்தால் சுடவும் செய்கிறது. அடுத்த முறை வந்தபோது அகலமான வேப்பம்பலகை ஒன்றை இழைத்துக் கொண்டுவந்திருந்தார். குதிகால் நழுவாமல் இருக்கப் பின்விளிம்பை லேசாக உயர்த்தி விட்டிருந்தார். படியின் மேல் வைத்து, அடியிலிருந்து நாலு திருகாணி கொடுத்து முடுக்கினோம்.