தொடுதோல்: இராமநாதபுரத்துத் தடையொன்றின் வரலாற்றுப் பின்புலம்

1930ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்கெடுப்புக்கு ஆணையராய் இருந்த ஹட்டன், சாதியைப் பற்றிய தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்துள்ளார். விதித்தோரைக் கள்ளர் என அவர் குறிக்கின்றார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடை முழங்காலுக்குக் கீழே தாழலாகாது, சட்டை இடலாகாது, மண்கலமன்றி வேறு கலம் ஆளலாகாது, இவ்வாறு செல்லும் அப்பட்டியலின் எட்டாவது தடை, ஆடவர் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, காலிற் செருப்பு அணியலாகாது என்பதாகும். ஈண்டு யாம் ஆராயப் புகுவது இவ்வெட்டாவது தடையையே.

பொன்னணி செல்வத்தின் அடையாளம் எனின், அதனை மறுத்ததன் நோக்கம் எளிதில் விளங்கும். செருப்போ உழைப்பவன் காலுக்கு உரிய கருவி. முள்ளும் பரலும் நிறைந்த நிலத்தில் நாள் முழுவதும் நடப்பவனுக்கு அஃது அணியன்று, காப்பு. காப்பாய் இருந்த ஒன்று எவ்வாறு மதிப்பின் சின்னமாயிற்று? எப்பொழுது ஆயிற்று?

சங்க நூல்களில் காலணிக்கு வழங்கும் சொற்கள் செருப்பு, தொடுதோல், அடிபுதையரணம் என்பன. தொடுதல் என்பது அணிதல். காலிற் தொடும் தோல் தொடுதோல் ஆயிற்று. இச்சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்து நோக்கின், அவற்றை அணிந்தோர் யாவர் என்பது தெளிவாகும். அகநானூற்று 34ஆம் பாட்டில் கானவன் அணிகின்றான். 101, 129ஆம் பாட்டுகளில் பாலைநிலத்து மழவர் அணிகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவனின் அடி, தொடுதோலை நெடுநாள் அணிந்து வடுப்பட்ட அடியாகக் காட்டப்படுகின்றது. வாரின் உராய்வு காலில் தழும்பேற்றும் என்பதைக் கண்ணாற் கண்டு பாடிய புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். புறநானூற்று 257ஆம் பாட்டோ, பகைவர்க்கு ஒரு வீரன் தரும் துன்பத்திற்குச் செருப்பினுள் அகப்பட்ட சிறு பரலையே உவமையாக்குகின்றது. செருப்பணிந்து நெடுவழி நடந்து பழகியோரே கேட்டவுடன் முகஞ்சுளிக்கக் கூடிய உவமை இது. அவையிலிருந்தோர் பலர்க்கும் அப்பழக்கம் இருந்ததெனக் கொள்வதில் தடையில்லை.

அடிபுதையரணம் என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. பெரும்பாணாற்றுப்படை இதனை வணிகர்க்கு உரியதாகக் கூறுகின்றது. மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் கொண்டு பெருவழியிற் செல்லும் வணிகர், உடலுக்குச் சட்டையும் காலுக்கு இவ்வரணமும் உடையராய்ச் செல்கின்றனர். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைச் செருப்பு எனவே கொண்டார். ஆயினும் புதை என்னும் சொல் அடியை மூடுதலைக் குறிப்பதாலும், அரணம் என்பது கோட்டைக்கும் கவசத்துக்கும் பொதுவாதலாலும், இது வெறும் வாரிட்ட மிதியடியினும் மிகுதியாகக் காலை மூடிய ஒன்றாதல் வேண்டும் என்பது எம் கருத்து. இக்காலத்தார் பூட்சு எனக் கூறும் தொழிற்காலணிக்கு நெருங்கியதோர் பழந்தமிழ்ப் பெயரை நாடுவோர்க்கு இதனினும் பொருத்தமான சொல் கிட்டுவது அரிது.

(பதிற்றுப்பத்து 21ஆம் பாட்டில் செருப்பு என்னும் பெயருடைய மலை ஒன்று வருகின்றது. அதனை மிதியடி எனப் பிறழ உணராமைப்பொருட்டுப் புலவர் மிதியல் செருப்பு என அடைகொடுத்தார். காலால் மிதித்தற்கு ஆகாத செருப்பு என்பது பொருள். செருப்பு என்றவுடன் காலணியே கேட்போர் நெஞ்சில் முந்துறத் தோன்றிற்று என்பதற்கு இவ்வடையே சான்று.)

மேற்கூறிய சான்றுகளுள் அரசன் இல்லை. கானவனும் ஆயனும் மழவனும் வணிகனுமே உளர். அணிவதற்கு ஒருவர் இசைவு தரவேண்டும் என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஆனால் தோலைத் தைத்தவன் நிலை வேறு. புறநானூற்று 82ஆம் பாட்டில், ஊரிலே விழா, மனையாளோ பேறுகாலத்தில், மாலையோ மழையோடு இறங்குகின்றது, இந்நிலையில் கட்டிலுக்குத் தோல்வார் பின்னும் ஒருவனின் ஊசி விரையும் விரைவு போருக்கு உவமையாகின்றது. அவன் கைத்திறத்தை வியந்த அதே பாட்டு அவனை இழிசினன் எனச் சுட்டுகின்றது. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் தோலின் துன்னர் வாழ்ந்தமையைப் பிற தொழிலாளரோடு ஒருங்கு வைத்துக் கூறும். அங்கு இழிவுச்சொல் இல்லை. இவ்விரண்டு நூல்களின் கால வேறுபாட்டை எண்ணின், இழிவு படிப்படியே வளர்ந்தது என எளிதாகக் கூறிவிடல் இயலாது. முந்திய பாட்டிலன்றோ இழிவுச்சொல் உளது!

அணிவோர்மீது தடை இருந்தமைக்குத் தெளிவான சான்று கல்வெட்டிலிருந்து வருகின்றது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டு, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய கொங்குநாட்டு வேந்தன் ஒருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு வழங்கிய ஆணையாகும். தன் 15ஆம் ஆட்சியாண்டின் ஆடித்திங்கள் முதலாக, நன்மை தீமைகளுக்கு அவர்கள் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே புறப்படுமிடங்களுக்குப் பாதரட்சை அணிந்து செல்லவும், வீட்டுச் சுவர்க்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அவன் இசைவு தருகின்றான். இசைவு தரப்பட்டது எனின் அதற்கு முன் அது மறுக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்படை. கம்மாளரோ தோல்வினைஞர் அல்லர். கொல்லரும் தச்சரும் தட்டாரும் கற்றச்சரும் ஆவர். கோயில் எழுப்பிய கைகளுக்கு உரியவர்கள் செருப்பணிந்து தெருவில் நடக்க அரசாணை வேண்டியிருந்தது! சங்கு, பேரிகை, சாந்து, செருப்பு என்னும் நான்கும் காணவும் கேட்கவும் படுவன. ஊரார் முன் ஒருவன் யார் என்பதை அறிவிப்பன. தொடுதோல் ஈண்டுக் காப்பு என்னும் நிலையிலிருந்து நீங்கி, வரிசை என்னும் நிலையை எய்திவிட்டது. 1930இன் பட்டியல் இதே வகையைச் சார்ந்தது. ஒன்று கொடுத்தது, மற்றொன்று பறித்தது என்பதே வேறுபாடு.

இனி இராமநாதபுரக் கரைக்கு வருவோம். இங்கே வெறுங்கால் எனினும் அது ஒரு வகைப்பட்டதன்று. இராமேசுவரம் திருக்கோயிலின் நெடிய பிராகாரங்களில் நடப்போர் யாவரும் செருப்பைக் களைந்தே நடக்கின்றனர். இஃது இறைவன் முன் எல்லார்க்கும் பொதுவான ஒழுக்கம். (அவ்வொழுக்கத்தையும் கடந்த அன்புக்குக் கண்ணப்பர் சான்று. செருப்பணிந்த அடியோடே அவர் பூசனை செய்தமையைத் திருவாசகமும் பெரியபுராணமும் போற்றுகின்றன.) கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்வோர் வெறுங்காலோடு நிற்பது வழுக்கலுக்கு அஞ்சி. உப்பளத்தில் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கும் வேலைக்கு வெறுங்காலே வேண்டும். அதன் விலையாக உப்புநீர் தோலை அரித்துப் புண்ணாக்குகின்றது. மன்னார் வளைகுடாத் தீவுகளை அடுத்த பாறைகளில் கடற்பாசி எடுக்கும் பெண்டிர், விரல்களிற் துணி சுற்றியும் காலில் இரப்பர்ச் செருப்பு இட்டும் இறங்குகின்றனர். இவையெல்லாம் தொழிலின் தேவையால் வந்தவை. பிறனொருவன் ஆணையால் வரும் வெறுங்கால் இவற்றோடு ஒருங்கு எண்ணத்தக்கதன்று.

கரையிலிருந்து உள்ளே சென்றால் நிலம் மாறுகின்றது. கரிசலும் செம்மண்ணும் விரவிய அம்மானாவாரி நிலத்தில் கருவேலமுள் எங்கும் உதிர்ந்து கிடக்கும். பனைமட்டையின் கருக்கு வாள்போல் அறுக்கும். கோடையில் வண்டிப்பாதையின் புழுதி காலைப் பொசுக்கும். இந்நிலத்துக்கு ஏற்ற செருப்பை ஊர்த் தோல்வினைஞர் செய்தனர். அடியட்டைக்கு எருமைத்தோல், அது தடித்தது, முள் எளிதில் ஊடுருவாது. மேல்வாருக்கு மாட்டுத்தோல், அது வளையும். தோலைச் சுண்ணாம்புநீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, பை போலத் தைத்துத் தொங்கவிட்டு, அதனுள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரை நிரப்பிப் பதப்படுத்துவது பழைய முறை. ஆவாரை வறண்ட நிலத்தில் தானே வளரும் செடி. தமிழ்நாட்டுத் தோற்றொழில் அதனை நம்பியே நெடுங்காலம் நடந்தது. 1903ஆம் ஆண்டு முதல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதனீட்டை ஆய்ந்தார். 1948இல் சென்னையில் மைய அரசின் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஊர்ச் செருப்பின் முறை இவற்றுக்கெல்லாம் முந்தியது.

இவ்வகைச் செருப்பைத் தேர்வதிலும் பேணுவதிலும் கரைநாட்டார்க்கு ஒரு தனிக் கவலை உண்டு, அது உப்பு. உப்புநீர் பட்ட தோல் உலருங்கால் விறைத்து வெடிக்கும். இரும்பாணி துருப்பிடிப்பதோடு, பட்டைநீரிற் பதமான தோலைக் கருக்கி இற்றுப்போகவும் செய்யும். ஆதலின் ஆணி அடித்ததினும் வாரால் தைத்ததே கடலோரத்தில் நெடுநாள் நிற்கும். நனைந்தால் நன்னீரில் அலசி, வெயில் படாது நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் வற்றுமுன் ஆமணக்கெண்ணெய் பூசுதல் வேண்டும். புதுச் செருப்புக் கடிக்கும். எண்ணெய் ஊறி, காலின் வடிவுக்கு இணங்கிய பின்னரே அது தனதாகும். வாரைத் தாங்கும் துளைப்பகுதிக்குக் காது என்பது பெயர். முதலில் அறுவது அதுவே.

கரையில் வழங்கும் சொற்களும் வரலாறு உடையன. சப்பாத்து என்பது போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டியிருந்தனர். 1549இல் அங்கே பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். அவர்தம் ஆட்சி மறைந்த பின்னும் சப்பாத்து என்னும் சொல் நின்றது. ஈழத்தமிழில் அது பெருவழக்கு. மூடிய காலணியைக் குறிக்க அயற்சொல் வந்தமையால், அடிபுதையரணம் என்னும் சொல் அதற்கு முன்னரே வழக்கிழந்திருந்தது என ஊகிக்கலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் காலணி மற்றோர் வகையில் அரசியல் ஆயிற்று. அதிகாரி முன் நாட்டுச் செருப்பைக் களைதல் வேண்டும் என்பது வழக்கம். 1854இல் வங்கத்தில் பிறந்த ஆணையொன்று, ஐரோப்பிய முறையிலான காலணி அணிந்தோர் அதனைக் களையாது அரசுக் கூட்டங்களுக்கு வரலாம் என இசைந்தது. தோலொன்றே, தையல் வேறாயின் மதிப்பும் வேறாயிற்று. ஆங்கிலப் பூட்சு வாங்கும் செல்வர்க்கு இஃதொரு வழி. கூலியாளுக்கு அவ்வழி இல்லை.

1930இன் தடைகளுக்கு மீள்வோம். ஒரு செய்தியை ஈண்டு வரையறுத்தல் வேண்டும். 1910இல் அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் உட்கொண்டிருந்தது. 1985இலேயே அவை பிரிந்தன. எனவே, தடைகள் கடற்கரை ஊர்களில் நடப்பிலிருந்தன என இப்பட்டியலைக் கொண்டு கூறுதல் பொருந்தாது. தடைகளை மதியாதோர் குடிசைகள் எரிக்கப்பட்டதையும், தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டதையும், கால்நடை கொள்ளையிடப்பட்டதையும் ஹட்டன் குறிக்கின்றார். 1931 சூன் திங்களில் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

குடையும் செருப்பும் ஒரே விதியுள் வைக்கப்பட்டமை தற்செயலன்று. மேலிருந்து வரும் வெயிலையும் கீழிருந்து வரும் முள்ளையும் தடுப்பவை இவை. சட்டை, ஆடை, கலம், அணி பற்றிய விதிகள் தோற்றத்தைத் தாழ்த்தின. எட்டாவது விதியோ உடலை நேரே வருத்தியது. முள் தைத்த காலோடு அறுவடைக்கு வருபவன் வேலையில் தளர்வான் என்பதை விதித்தோர் அறியாதவர் அல்லர். தம் நிலத்து உழைப்புக்கே இழப்பாகும் ஒன்றை அவர்கள் விதித்தனர் எனின், வரிசையைக் காத்தல் அவர்க்கு விளைவைக் காத்தலினும் பெரிதாய் இருந்தது என்றே கொள்ளல் வேண்டும். பொருளாதார நலன் ஒன்றையே கொண்டு சாதித் தடைகளை விளக்க முற்படுவோர் இவ்விதியை உற்று நோக்குவாராக.

இவ்விதிக்கு எதிரான சட்டத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனைக்குரிய தடைகளைப் பெயர் குறித்து அடுக்கியபொழுது, நகையும் அலங்காரப் பொருளும் அணிதலைச் சேர்த்தது. அஃதாவது 1930 பட்டியலின் முதல் விதிக்கு விடை கிடைத்தது. காலணி என்னும் சொல் அவ்வடுக்கில் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பிற சாதியார் தெருவைக் கடக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் நிலவுவதை இருபத்தோராம் நூற்றாண்டின் கள ஆய்வுகளும் பதிவு செய்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு, 2015இல் திருத்தப்பட்டது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்திலேதான், பொதுவிடத்தில் மிதிவண்டி ஊர்தல், புத்தாடை உடுத்தல், திருமண ஊர்வலம் போதல் என்பனவற்றோடு, காலணி அணிதலைத் தடுப்பதும் குற்றம் என முதன்முறையாக எழுத்தில் ஏறியது.