ராக்ஸி வேடத்தில் பிரபலங்கள்: ‘சிகாகோ’ மறுமேடையேற்றத்தை முன்வைத்து

பிராட்வே இசை நாடகங்களில் முதல் நடிகர் குழு விலகியபின் தொலைக்காட்சி முகங்களையும் பாப் பாடகர்களையும் கொண்டுவந்து நிறுத்துவதை விமர்சகர்கள் வெறும் டிக்கெட் வியாபாரம் என்று தள்ளிவிடுவது வழக்கம். வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1996 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘சிகாகோ’ விஷயத்தில் அந்தத் தீர்ப்பு போதாது. பிரபலத்துக்கு எந்த வேடம் இடம் கொடுக்கும், எது கொடுக்காது என்பதை அந்த நாடகத்தின் அமைப்பே முடிவு செய்கிறது.

1924இல் சிகாகோவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான இரு பெண்களின் வழக்குகளைப் பற்றி ‘சிகாகோ ட்ரிப்யூன்’ இதழில் எழுதியவர் மொரீன் வாட்கின்ஸ். அதையே அவர் 1926இல் நாடகமாக்கினார். 1975இல் இசையமைப்பாளர் காண்டர், பாடலாசிரியர் எப், இயக்குநர் பாப் ஃபாஸி மூவரும் அதை இசை நாடகமாக்கினார்கள். நாயகி ராக்ஸி ஹார்ட்டுக்கு மேடை ஆசை உண்டு, திறமை கொஞ்சம்தான். பெயர் வாங்கித் தருவது கொலை. ஆகவே பத்திரிகை அட்டையில் பார்த்த முகம் ஒன்று இந்த வேடத்தில் வரும்போது, ‘இவருக்கு ஆடத் தெரியுமா’ என்று பார்வையாளர் கொள்ளும் சந்தேகம் நாடகத்துக்கு வெளியே நிற்பதில்லை. அது ராக்ஸியைப் பற்றிய சந்தேகமாகவும் ஆகிவிடுகிறது.

1975இல் நிலைமை வேறு. ராக்ஸியாக ஆடியவர் க்வென் வெர்டன், அக்காலத்தின் தலைசிறந்த மேடை நடனக்காரர்களில் ஒருவர். தொண்டைக் கோளாறால் அவர் விலகியிருந்த சில வாரங்கள் லைசா மினெல்லி வந்தார். முன்விளம்பரம் இல்லை, ஆனாலும் அரங்கு நிரம்பியது. அவர் பிரபலம் மட்டுமல்ல, பயின்ற மேடைக் கலைஞரும்கூட.

1996 மறுமேடையேற்றம் நியூயார்க்கின் சிட்டி சென்டர் அரங்கில் நடந்த கச்சேரி வடிவ நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. மேடை நடுவிலேயே வாத்தியக் குழு, கறுப்பு உடை, சில நாற்காலிகள். காட்சியமைப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக வருபவர் பழகவேண்டிய இயந்திரங்களும் குறைவு. பத்திரிகையாளர் சந்திப்புப் பாடலைப் பாருங்கள். வழக்கறிஞர் பில்லி ஃப்ளின்னின் மடியில் ராக்ஸி பொம்மையாக உட்கார்ந்திருக்கிறாள். அவன் பாட, அவள் வாயசைக்கிறாள். கழுத்தும் தாடையும் தாளம் தவறாமல் அசையவேண்டும், அவ்வளவுதான். சுற்றி நின்று உழைப்பது குழு நடனக்காரர்கள். மெலனி கிரிஃபித் (2003), ப்ரூக் ஷீல்ட்ஸ் (2005), க்ரிஸ்டி பிரிங்க்லி (2011) ஆகியோரை இந்த அமைப்பு தாங்கியது. 2022இல் வந்த பமீலா ஆண்டர்சன் தனி ரகம். அந்தரங்கத்தைப் பத்திரிகைகள் விற்றுத் தின்ற ஒருவர், தன் கதையைத் தானே பத்திரிகைக்கு விற்கும் பெண்ணாக நின்றார். பில்லி வேடத்துக்கும் இதே நெகிழ்வு உண்டு. பாடகர் அஷர் (2006), தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் (2009) வந்துபோனார்கள்.

சிறையில் ராக்ஸியின் போட்டியாளரான வெல்மாவின் வேடம் அப்படி வளையாது. இருவர் ஆடவேண்டிய ஆட்டத்தைத் தனியாளாக ஆடிக்காட்டி ராக்ஸியைக் கவர முயலும் காட்சியில், மூச்சும் முதுகும் பயின்றிருக்காவிட்டால் வேடமே இல்லை. அந்த வேடத்துக்கு 1997இல் டோனி விருது பெற்ற பீபி நியூவிர்த் பிற்பாடு ராக்ஸியாகவும், அதற்கும் பின் பெண்கள் சிறைக் காவலர் ‘மாமா’ மார்ட்டனாகவும் நடித்தார். பிரபல விருந்தாளிகளுக்கு இந்தப் பயணம் எதிர்த்திசையில் சாத்தியமில்லை.

‘ஃபன்னி கேர்ள்’ இசை நாடகத்தின் 2022 மறுமேடையேற்றம் இதற்கு மாறான சான்று. அதில் நாயகியின் குரலே நாடகம். முதல் நாயகி பீனி ஃபெல்ட்ஸ்டீன் விலகியபின் அவரது மாற்று நடிகை ஜூலி பென்கோ ஒரு மாதம் தாங்கிப்பிடித்தார். லியா மிஷல் வந்தபோது பெயரும் குரலும் சேர்ந்தே வந்தன. அங்கே பெயர் மட்டும் போதாது.

விருந்தாளி மாறும்போதெல்லாம் பாடம் மறுபடி ஆரம்பமாகிறது. சொல்லிக்கொடுப்பவர் நடனத் தலைவர். முழுக் குழுவோடு ஒத்திகை பெரும்பாலும் ஒரே நாள். விளம்பரப் பலகையில் இந்த உழைப்புக்கு இடமில்லை. மாற்று நடிகர்கள் டோனி விருதுக்கும் தகுதியற்றவர்கள். சாதாரண மாற்றங்களுக்கு விமர்சகர்கள் திரும்பி வருவதும் அபூர்வம். கிரிஃபித் வந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பென் பிராண்ட்லி மறுபடி போய்ப் பார்த்து எழுதினார். பிரபலத்தை எதிர்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: ஏழாம் ஆண்டில் ஓடும் நாடகத்தின் குழு நடனம் இன்னும் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விமர்சகரை அரங்குக்குள் அழைத்துவந்தது அந்தப் பெயர்தான்.