தொகுப்பி உருவாக்கக் கல்வி: செய்முறை நூல்களின் வரலாற்று நோக்கு

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் செயல்பட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களிடம் கொண்டு சென்றது. செயலோடு இணையும் கல்வியே நிலைபெறும் என்னும் அப்பட்டறிவு கணினியியலுக்கும் பொருந்தும். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பியை, அதாவது கம்பைலரை, உருவாக்கக் கற்பிக்கும் நூல்களை இக்கட்டுரை அவ்வளவுகோலால் ஆராய்கிறது.

இருவகை நூல்கள்

ஆஹோ, உல்மன் ஆகியோரின் 1977ஆம் ஆண்டு நூலும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ரவி சேத்தியும் இணைந்தெழுதிய 1986ஆம் ஆண்டு நூலும் அட்டைப்படத்தால் 'டிராகன் நூல்கள்' எனப்பட்டன. பிந்தையது தொடக்கத்திலேயே ஒரு சிறு மொழிமாற்றியின் நிரலைத் தந்தாலும், அதன் பெரும்பகுதி கோட்பாட்டுக்கே உரியது.

நிக்லாஸ் விர்த் 1976ஆம் ஆண்டு நூலின் இறுதி இயலில் பிஎல்/0 என்னும் சிறுமொழிக்கான தொகுப்பியைப் பாஸ்கல் மொழியில் முழுமையாகத் தந்தார். அதில் தொடரிலக்கண விதிகள் செயற்கூறுகளாகின்றன. விதியைப் படிப்பவர் நிரலையும் படித்துவிடுகிறார். ஃபிரேசர், ஹான்சன் ஆகியோர் 1995இல் எல்சிசி தொகுப்பியின் நிரலையே விளக்கத்துடன் நூலாக்கினர்.

தமிழ்ச் சூழல்

தமிழ்க் கட்டளைச் சொற்களைக் கொண்ட எழில் மொழி, பைத்தானில் எழுதப்பட்ட திறமூல ஆக்கமாகும். அது தொகுப்பியன்று, நிரலை நேரே இயக்குவது. எனினும் சொற்பகுப்பும் தொடர்ப்பகுப்பும் இரண்டிற்கும் பொதுவானவை.

முடிவுரை

ஆகவே, விர்த்தின் தொகுப்பியை இயக்கி, எழிலின் பகுப்பியை வாசித்து, அதன்பின் டிராகன் நூலை அணுகுவதே தமிழ்வழி பயின்ற மாணவருக்கு ஏற்ற வரிசை. கோட்பாட்டில் மட்டும் தொடங்கும் பாடத்திட்டம் தேர்வெழுதுவோரை உருவாக்கும். தொகுப்பி எழுதுவோரை உருவாக்குவது அரிது.