கலிங்கப் போரின் பின் அசோகன்: கழிவிரக்கமும் பொறுப்பும்

தோற்ற வேந்தர் புலம்புதல் உலகியல்பு. வென்ற வேந்தன் தன் வெற்றியை எண்ணிப் புலம்பினான் என்பதும், அப்புலம்பலைத் தானே கல்லிற் பொறிப்பித்து நாடெங்கும் நிறுத்தினான் என்பதும் வரலாற்றில் அரிதினும் அரிது. மௌரிய வேந்தனாகிய அசோகன் முடிசூடிய எட்டாம் ஆண்டில், அஃதாவது கி.மு. 261 அளவில், கலிங்கத்தை வென்றான். சில ஆண்டுகள் கழித்து அவன் வெட்டுவித்த பதின்மூன்றாம் பாறைச் சாசனம் அப்போரின் கணக்கைச் சொல்கிறது. 150,000 பேர் நாட்டினின்றும் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டனர். 100,000 பேர் கொல்லப்பட்டனர். அதனிலும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர். அரசர்தம் மெய்க்கீர்த்திகளைப் பயின்றோர் இத்தகைய எண்களைப் புதியன என்று கருதார். பகைவரை இத்தனை ஆயிரவர் கொன்றோம் என்று பெருமிதம் பேசுதல் அவற்றின் வழக்கம். இங்கோ அதே எண்கள் குற்றக் கணக்காக நிற்கின்றன.

இச்சாசனத்தின் நுட்பம் எண்களில் இல்லை. கொல்லப்பட்டோரை மாத்திரம் எண்ணி அரசன் அமையவில்லை. பெற்றோரையும் மூத்தோரையும் பேணி, நட்டோரிடத்தும் ஏவலரிடத்தும் முறையாக ஒழுகிய இல்லறத்தார்க்கும் போர் துன்பம் விளைத்தது என்கிறான். தமக்கு ஊறு யாதும் நேராதவரும் தம் அன்புக்குரியார் பட்ட துயரால் அடிபட்டனர் என்கிறான். போரின் தீமை போர்க்களத்தோடு முடிவதில்லை என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்த பழைய சாசனம் பிறிதொன்றினை யாம் அறியோம். அன்று மாண்டோருள் நூற்றில் ஒரு கூறோ ஆயிரத்தில் ஒரு கூறோ இன்று அவ்வாறு துன்புறினும் அது தனக்குப் பெருந்துயராகும் என்றும் அவன் கூறுகின்றான்.

ஆயினும் சாசனத்தை இறுதிவரை வாசித்தல் வேண்டும். பாடநூல்கள் பெரும்பாலும் முற்பகுதியோடு நின்றுவிடுகின்றன. அதே சாசனத்திலே காட்டுவாழ்நரை நோக்கி ஓர் எச்சரிக்கை வருகின்றது. கழிவிரக்கம் கொண்ட நிலையிலும் தனக்கு ஆற்றல் உண்டென்றும், அவர் தம் செயலுக்கு நாணிக் கொலையுண்ணாது தப்புக என்றும் அறிவிக்கின்றான். வருந்திய மன்னன் வாளை உறையிலிட்டான், எறிந்துவிடவில்லை. கலிங்கத்தை மீள அளித்தான் என்றோ, பெயர்க்கப்பட்டோரை ஊர் திரும்பச் செய்தான் என்றோ அவன் சாசனம் எதனிலும் ஒரு சொல்லும் இல்லை. முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் வெட்டுவித்த தூண் சாசனம் ஒன்று, கொலைத் தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை அளிக்கின்றது. தண்டனையை ஒழிக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றை எடுத்துக்காட்டி, அவன் வருத்தம் வெறும் அரச தந்திரமே என்பார் உளர். அவ்வாறு துணிதற்கு யாம் உடன்படோம். தந்திரம் கருதுபவன் தான் விளைத்த அழிவின் அளவை மிகுத்துக் காட்டான், குறைத்தே காட்டுவான். அன்றியும், அரசனைச் சூழ்ந்தோர் எவரும் அவனை இவ்வறிக்கைக்கு நெருக்கியதாகச் சான்றில்லை. ஆனால் கழிவிரக்கம் வேறு, ஈடு செய்தல் வேறு. முன்னது நெஞ்சின் நிகழ்ச்சி. பின்னது பிறர்க்குரிய கடன். அசோகன் முன்னதில் நெடுந்தூரம் சென்றான்; பின்னதிற் சில அடிகளே வைத்தான்.

அச்சில அடிகளையும் நாம் மதித்தல் வேண்டும். கலிங்க நாட்டிலே தௌலி, ஜௌகடா என்னும் ஈரிடங்களிற் பாறைச் சாசனங்கள் உள்ளன. அங்கே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்னும் மூன்றும் இல்லை. அவற்றுக்கு ஈடாக இரு தனிச் சாசனங்கள் உள. மக்கள் யாவரும் தன் மக்கள் என்று கூறும் அரசன், தோசலியிலும் சமாபையிலும் இருந்த மகாமாத்திரர்களை நோக்கி, காரணமின்றி ஒருவனும் சிறைப்படுதலோ வதைபடுதலோ ஆகாது என்று கட்டளையிடுகின்றான். பொறாமை, சினம், கொடுமை, பதற்றம், சோம்பல், களைப்பு என்பன நடுவுநிலையைக் கெடுக்கும் என்று எண்ணிக் காட்டுகின்றான். களைப்பினையும் அவற்றோடு வைத்தமை, ஆட்சியை அருகிருந்து கண்டவனுக்கே தோன்றும் எண்ணம். இக்கட்டளை நடைபெறுகின்றதா என்று காண ஐந்தாண்டுக்கொருமுறை அதிகாரி ஒருவரை அனுப்புவதாகவும் கூறுகின்றான். வென்ற நாட்டின் மக்களுக்கு அவன் செய்த கைம்மாறு இதுவே.

எனினும் தன் குற்றத்தை வடமேற்கில் ஷாபாஸ்கர்கியிலும், மேற்கே கிர்நாரிலும், தெற்கே எர்ரகுடியிலும் சொன்னவன், கலிங்கரிடத்துச் சொல்லவில்லை. ஆறாத புண்ணைக் கிளறலாகாது என்ற இரக்கமா? எண்களைக் கேட்டு மக்கள் கிளர்ந்தெழுவர் என்ற அச்சமா? இரண்டும் கலந்திருத்தல் கூடும். தீங்கு செய்தவன் ஊரெல்லாம் அறிய ஒப்புக்கொண்டும், தீங்குண்டவன் முன்னே வாய் திறவாமை இன்றும் நாம் காண்பதே.

இவ்வரலாறு நெடுங்காலம் மறைந்து கிடந்தது. இலங்கைப் பாளி நூல்கள் அசோகனைச் சகோதரரைக் கொன்றவனாகவும் பின் பௌத்தனாகிப் புண்ணியம் செய்தவனாகவும் காட்டுமே ஒழியக் கலிங்கத்தைச் சொல்லா. 1837இல் ஜேம்ஸ் பிறின்செப் பிராமி எழுத்தை வாசித்து முடித்தபோது, சாசனங்களிலே கண்ட பியதசி என்பான் அசோகனே என்று துணிய உதவியவர் இலங்கையிற் பணிபுரிந்த ஜோர்ஜ் ரேணர். அவர்க்குச் சான்றளித்தது தீபவமிசம். இலக்கியம் மறந்த வருத்தத்தைக் கல் காத்துவைத்தது. கல் சொல்லாத பெயரை இலக்கியம் சொன்னது.

கல்லையும் நூலையும் இவ்வாறு அருகருகே வைத்து நோக்குவார்க்கு, மகாவமிசம் துட்டகைமுனுவைப் பற்றிக் கூறுவது மிகுந்த சிந்தனைக்குரியது. எல்லாளனை வென்றபின் மாளிகை மேற்றளத்திலிருந்த மன்னன், மாண்ட சேனைகளை நினைந்து மகிழ்ச்சியிழந்தான் என்கிறது அந்நூல். எட்டு அரகத்துகள் தோன்றி, உண்மையில் இறந்தோர் ஒன்றரை மனிதரே, ஏனையோர் விலங்கினை ஒப்பர் என்று அவனைத் தேற்றினராம். மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன். ஐந்து சீலங்களையும் ஏற்றவன் மற்றொருவன். முன்னவன் அரை, பின்னவன் ஒன்று என்பது கணக்கு. இதனை ஒட்டியே, சங்கத்துக்குக் கொடாமல் மிளகொன்றை உண்டதற்கு வருந்தி மன்னன் மரிசவட்டி விகாரையை எடுத்த செய்தியும் வருகின்றது. போரின் வருத்தம் தேற்றத்தால் நீங்கியது; மிளகின் வருத்தம் பெருங்கட்டடமாயிற்று. இது போர் நிகழ்ந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின் ஒரு பிக்கு இயற்றிய காவியம் என்பதை மறத்தலாகாது. மன்னனின் வாய்மொழி அன்று. அம்மன்னன் எல்லாளனுக்குச் சமாதி எடுத்து வழிபாடு அமைத்ததையும் அந்நூலே கூறுகின்றது. தேற்றத்தை அரசனிலும் ஆசிரியரே பெரிதும் வேண்டினார் போலும்.

எல்லாளனைப் பற்றியும் அந்நூல் கூறும் ஒன்றுண்டு. அவன் தேரின் நுகம் பட்டுத் தாதுகோபத்தின் கற்கள் சில பெயர்ந்தன. அறியாது நேர்ந்ததாயினும் அவன் தேரினின்று இறங்கி, தன் தலையைச் சக்கரத்தால் அறுக்குமாறு வேண்டினான். அமைச்சர் தடுத்தபின், பெயர்ந்த பதினைந்து கற்களுக்கு 15,000 ககாபணம் செலவிட்டுச் செப்பனிட்டான். பிறசமயத்தவன் என்று கூறிய அரசனுக்கு மாற்றார் நூல் வழங்கிய இப்பெருமை சிறிதன்று. கருதாது செய்த தீங்குக்கும் கடன் உண்டென்பதையும், அது வருத்தத்தால் அன்றிச் செலவால் தீர்ந்ததையும் காண்க.

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனோ, தன் தீர்ப்பின் பிழை வெளிப்பட்ட அக்கணமே தன்னையே கள்வனெனக் கொண்டு அரியணையில் வீழ்ந்து மாண்டான். அவன் மாட்சியைப் போற்றாதார் இலர். ஆனால் அவன் சாவு மதுரையைக் காக்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்ட செய்தியும் அதே காப்பியத்தில் உள்ளது. ஒரு பொற்கொல்லனின் பொய்யும் ஓர் அரசனின் அவசரமும் விளைத்த பழியை, அவ்விரண்டிலும் தொடர்பில்லா ஆயிரவர் சுமந்தனர். முன்னவன் செலுத்தாது சென்ற கடனைப் பின்னவன் பிறர் தலையில் ஏற்றினான் என்றே யாம் கொள்வோம். மேடைகளில் நெடுஞ்செழியனைப் பேசுவோர் இவ்வாயிரவரைப் பேசக் கேட்பது அரிது.

கலிங்கத்துக்கு மீள்வோம். 1989இல் கர்நாடகத்துச் சன்னதி என்னும் ஊரிலே, பீமா நதிக்கரையில், காளி படிமத்துக்குப் பீடமாகக் கிடந்த கற்பலகையில் அசோகன் சாசனங்கள் கண்டெடுக்கப்பட்டன. பன்னிரண்டாவதன் இறுதியும் பதினான்காவதும் அங்குள. இடையே வரவேண்டிய பதின்மூன்றாவது இல்லை. கலிங்கர்க்கென்று கருதப்பட்ட இரு தனிச் சாசனங்களும் மறுபுறத்தில் உள்ளன. கலிங்கத்துக்கு வெகுதொலைவிலுள்ள அவ்விடத்தில் அவை ஏன் வெட்டப்பட்டன? பெயர்க்கப்பட்ட 150,000 பேரில் ஒரு கூட்டத்தார் அங்கே குடியேற்றப்பட்டனரோ என்று வினவ இடமுண்டு. அவ்வாறாயின், தம்மைப் பெயர்த்தவன் அதற்கு வருந்திய செய்தி உலகெங்கும் வெட்டப்பட்டிருக்க, அவர்கள் மாத்திரம் அதனை வாசியாமலே மாண்டிருப்பர்.