தலைச்சன் ஏன் பூஞ்சை?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். எடை 2 கிலோ 900. நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவன், என் பேரன், பிறந்தபோது 2 கிலோ 600. அன்றைக்கு நான் மருமகளைப் பார்த்து, "மசக்கை மசக்கைன்னு ஒழுங்கா சாப்பிடாம புள்ளைய இப்படி பூஞ்சையா பெத்து வெச்சிருக்கியே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. இப்போது பேத்தியை என் மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, இந்தத் தடவையும் அதே சாப்பாடுதான் சாப்பிட்டேன். அப்புறம் எப்படி இவ மட்டும் எடை கூடுனா?"

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தையை எடை போடுவது நம் ஊரில் பழைய பழக்கம் இல்லை. நெல்லையும் மணிலாவையும் கமிட்டியில் மூட்டை மூட்டையாக நிறுத்த ஜனங்கள்தான் நாம். ஆனால் என் அம்மா பெற்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் பிறந்த எடை தெரியாது. எல்லாம் வீட்டுப் பிரசவம். மருத்துவச்சி தூக்கிப் பார்த்து "கை நிறைய இருக்குது" என்றால் நல்ல எடை, அவ்வளவுதான். இருந்தாலும் கிழவிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. "தலைச்சன் பூஞ்சையாத்தான் இருக்கும், அடுத்தது தேறிக்கும்" என்பார்கள். நான் படித்த திமிரில் அதை மறந்துபோனேன்.

அந்தக் காலத்தில் யாரும் எடையைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறோமே, அந்த ஊரில் 1890 வாக்கில் ஓர் இரவு நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் இருந்தார். அவருடைய இளவயது மகள் ஐடா ஸ்கடர். அன்று இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவ ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆண் டாக்டரான அப்பாவை அழைத்துப்போக மூவருக்கும் மனமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். இன்றைய சி.எம்.சி. அப்படி வந்ததுதான். தாய் பிழைப்பாளா என்பதே கேள்வியாக இருந்த வீட்டில் தராசை யார் தேடுவார்கள்?

ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்த பிறகுதான் எடையும் நோட்டில் ஏறியது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரி என்று ஒன்று. அங்கே 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பவுண்டுக் கணக்கில் எழுதிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அறுபது வருஷம் கழித்து அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு, அதில் இருந்த குழந்தைகளை, அதாவது அப்போது நடுவயது தாண்டியவர்களை, தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய். 3 கிலோ 100க்கு மேல் பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். 1996ல் இது வெளியானது. எந்த நர்சம்மா சலிக்காமல் அந்த எண்களை எழுதினாரோ! நம் வேலூரிலும் 1969 முதல் 1973 வரை, டவுனிலும் கே.வி. குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை எடை போட்டுப் பதிந்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

சரி, மருமகள் கேள்விக்கு வருகிறேன். இப்படிப் பதிவேடு வைத்த நாடுகளில் எல்லாம் தெரிவது ஒன்றுதான். சராசரியாகப் பார்த்தால் முதல் குழந்தையைவிட இரண்டாவது 100 முதல் 200 கிராம் வரை கூடுதல். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் கூடலாம், ஆனால் முதல் தாவல் அளவுக்கு இருக்காது. முக்கியமான காரணம் கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள். புது நிலத்தில் முதல் போகத்துக்கு வாய்க்காலை வெட்டிக்கொண்டே தண்ணீர் விட வேண்டும். அடுத்த போகத்துக்கு வாய்க்கால் தயாராக இருக்கும். முதல் கர்ப்பத்தில் விரிந்து கொடுத்த குழாய்கள் பழையபடி முழுசாகச் சுருங்குவதில்லை, அடுத்த குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. பெண் குழந்தையைவிட ஆண் குழந்தை பொதுவாகக் கொஞ்சம் எடை கூட இருக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதையும் தாண்டிப் பேத்தி முந்திவிட்டாள். அதோடு, இரண்டரை கிலோவுக்குக் கீழே போனால்தான் குறைந்த எடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் பேரன் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தான். அன்று நான் திட்டியதில் ஒரு நியாயமும் இல்லை.

ஆனால் கிழவிகள் சொன்ன "அடுத்தது தேறிக்கும்" என்பதும் தானாக நடப்பதில்லை. தாயின் உடம்பில் இருப்பு இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு எட்டுப் பிரசவம், தங்கியது ஆறு பேர். ஆறாவது தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஏழாவதைச் சுமந்தார். அது பிறந்து பதினொரு நாள் இருந்தது. காரணத்தை இன்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் கை எலும்பு மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு குழந்தை பிறந்து இரண்டு வருஷமாவது போன பிறகுதான் அடுத்த கர்ப்பம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இழந்த இரும்புச் சத்தும் மற்றதும் திரும்பச் சேரத்தான். 2015ல் டயான் காஃபி என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டபடி, கர்ப்பம் ஆகும் சமயத்திலேயே எடை குறைவாக இருக்கும் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 42 பேர். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஏழை ஆப்பிரிக்க நாடுகளில் 16 அல்லது 17 பேர்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் மருமகள்களின் கணக்கு இது.

இன்னொன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வயிற்றுக்குள் இளையவர்களுக்கு இருக்கும் சலுகை, பிறந்த பிறகு தலைகீழாகிவிடுகிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியைகள் 2017ல் எழுதினார்கள். நம் நாட்டுத் தலைச்சன்கள் உயரத்தில் ஆப்பிரிக்கத் தலைச்சன்களுக்குக் குறைந்தவர்கள் இல்லையாம். இரண்டாவது குழந்தையிலிருந்துதான் நாம் பின்தங்குகிறோம், அடுத்தடுத்து இன்னும் மோசம். மூத்த பையன் மேல் நமக்கு இருக்கும் பாசத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். வகுப்பில் அக்கா தம்பி இருவரையும் வைத்துப் பாடம் நடத்திய எனக்கு, முட்டை யார் தட்டுக்குப் போகும் என்று ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

நம் மாநிலத்தில் இப்போது ஆறாவது ஏழாவது என்ற பேச்சே இல்லை. சராசரி இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் 1987ல் தொடங்கிய மகப்பேறு உதவியும் இரண்டு பிரசவத்துக்குத்தான். 2006ல் அது 6,000 ரூபாய், பிறகு 12,000, 2018ல் 18,000 ஆனது. அந்தப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் யாருக்காக வருகிறதோ அவர் வாய்க்குப் போகிறதா என்று மாமியார்களாகிய நாம்தான் பார்க்க வேண்டும். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

மருமகளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். "பரவால்ல அத்தை" என்றாள். நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பீரோவில் பிள்ளைகளின் பழைய ஆஸ்பத்திரி அட்டை இருந்தால், பெயர் வேண்டாம், முதலாவது இத்தனை, இரண்டாவது இத்தனை, இடைவெளி இத்தனை வருஷம் என்று மட்டும் கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.