கைமாறும் வாளிகள்: ஓர் எதிரொலிப் பெட்டியின் கதை

தொலைபேசித் துறையில் நாங்கள் ஓயாமல் சண்டை போட்டது எதிரொலியோடு. தொலைதூர அழைப்பில் நாம் பேசியது நமக்கே திரும்பிக் கேட்டால் பேச்சு தடுமாறிப் போகும். செயற்கைக்கோள் வழியாகப் போன அழைப்புகளில் இது பெரிய தொல்லை. 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கி, மறுமுனையில் பட்டு, திரும்பவும் ஏறி இறங்கி வர ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். அதை அடக்குவதற்கென்றே எக்கோ சப்ரஸர் என்ற கருவிகளை மாட்டி வைத்திருப்போம்.

அப்படி எதிரொலியை விரட்டிக்கொண்டே காலம் தள்ளியவனுக்கு, அதையே காசு கொடுத்து வாங்குகிற ஒரு கூட்டம் உண்டு என்று தெரிந்ததும் ஆர்வம் வந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்களைத்தான் சொல்கிறேன். காலடியில் கைக்கு அடக்கமான ஓர் உலோகப் பெட்டி வைத்திருப்பார்கள். காலால் மிதித்தால் வாசித்த சுரம் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்கும். இதற்கு டிலே பெடல் என்று பெயர். கம்ப்யூட்டர் யுகத்திலும் இவர்களில் பலர் பழைய அனலாக் பெடலைத் தேடிப் போகிறார்கள். பழமைப் பித்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் காரணம் வேறாகத் தெரிகிறது.

முதலில் டேப் இருந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் தம் சிறிய ஸ்டூடியோவில் 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலைப் பதிவு செய்தபோது, இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சேர்த்து எதிரொலி உண்டாக்கினார். சூத்திரம் எளியது. பதிவு செய்யும் ஹெட் ஒரு இடத்தில், திருப்பிக் கேட்கும் ஹெட் சற்றுத் தள்ளி. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் இரண்டு ஹெட்டுக்கும் இடைவெளி 2 அங்குலம் என்றால், ஒலி 133 மில்லி விநாடி தாமதமாக வரும். எல்விஸின் கிதார்காரர் ஸ்காட்டி மூர், இந்த வித்தையை மேடைக்கும் கொண்டுபோக, ரே பட்ஸ் என்பவர் டேப் எதிரொலியை உள்ளேயே வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயரை வாங்கிக்கொண்டார். பிறகு அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ், இத்தாலியில் டேப்புக்குப் பதில் காந்த உருளை சுழலும் பின்சன் எக்கோரெக், 1974இல் ஜப்பானின் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ என்று வரிசையாக வந்தன.

ஸ்பூல் டேப் வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டில் அழுக்கு சேரும், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும், டேப் தேயும், அறும். தூக்கிச் சுமக்கவும் பாரம். ஊர் ஊராகப் போய் வாசிப்பவருக்கு இது சரிப்படுமா?

விடை இசைக்காரர்களிடமிருந்து வரவில்லை. நெதர்லாந்தில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சாங்ஸ்டர், டியர் என்ற இரண்டு பொறியாளர்கள் 1969இல் ஒரு புதுச் சுற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பக்கெட் பிரிகேட். தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதுதான். நம் ஊரில் மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் படி நெடுக நின்று சட்டியைக் கைமாற்றுவதை நினைத்துக்கொண்டாலும் சரி.

இங்கே சட்டிக்குப் பதில் சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்கள். கிதாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை முதல் கெப்பாசிட்டர் பிடித்துக்கொள்ளும். கடிகாரத் துடிப்பு ஒன்று வந்ததும் அடுத்ததற்குத் தள்ளிவிடும். அது அதற்கடுத்ததற்கு. ஓடும் பாகம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே ஐ.சி.யில் அடக்கம். ஜப்பானின் மத்சுஷிதா, அதாவது நமக்குத் தெரிந்த பானசோனிக், செய்த எம்.என்.3005 என்ற ஐ.சி.யில் இப்படி 4096 கட்டங்கள். சட்டியை வாங்குகிறவர் கை காலியாக இருந்தால்தானே வாங்க முடியும்? ஆகவே எந்த நேரத்திலும் பாதிக் கட்டங்களில்தான் சரக்கு இருக்கும், 2048. விநாடிக்கு 10,000 துடிப்பு கொடுத்தால் ஒலி மறுமுனை சேர சுமார் 205 மில்லி விநாடி.

இந்த ஐ.சி.க்களை வைத்து நியூயார்க்கின் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 1970களில் மெமரி மேன் என்ற பெடலைக் கொண்டுவந்தது. ஐரிஷ் இசைக்குழுவான யூ2வின் கிதார்காரர் எட்ஜ், தம் ஆரம்ப கால இசைத்தட்டுகளில் அந்தப் பெடலின் எதிரொலியையே இன்னொரு கிதார் போல வைத்து வாசித்தார். ஜப்பானின் பாஸ் கம்பெனி 1981இல் டி.எம்.2 வெளியிட்டது. அதன் உச்சத் தாமதம் 300 மில்லி விநாடி. 50 மீட்டர் தள்ளி நிற்கும் கோயில் மதிலில் பட்டு நம் குரல் திரும்பி வரும் நேரம் அது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. அதே 4096 கட்டத்தில் 300 மில்லி விநாடி வேண்டுமென்றால் துடிப்பை விநாடிக்குச் சுமார் 6,800 ஆகக் குறைக்க வேண்டும். துடிப்பில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைச் சுற்று சரியாகக் கடத்தாது என்பது எங்கள் துறையில் பாலபாடம். பாதி என்றால் சுமார் 3,400 ஹெர்ட்ஸ். தொலைபேசியில் பேச்சுக்கு நாங்கள் ஒதுக்கியதும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான்! அந்தப் பெடலில் திரும்பி வருவது, ஒரு வகையில், டிரங்க் காலில் கேட்ட கிதார்.

அதற்கு மேற்பட்ட ஒலியை வடிகட்டி வெட்டிவிடுவார்கள். இல்லையென்றால் துடிப்பின் சத்தமே சீட்டியடிக்கும். கைமாறும்போது கொஞ்சம் சிந்தவும் செய்யும். திரும்பி வந்த ஒலியில் ஒரு பங்கு மறுபடி வரிசையின் தலைக்கே அனுப்பப்படுவதால், ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை இன்னும் மழுங்கும். முதல் எதிரொலி சற்று மங்கல், இரண்டாவது அதைவிட மங்கல், நாலாவது தூரத்து முணுமுணுப்பு.

ஏட்டுக் கணக்கில் இது குறைபாடுதான். 1983இல் பாஸ் கம்பெனியே டி.டி.2 என்ற டிஜிட்டல் பெடலைக் கொண்டுவந்து 800 மில்லி விநாடி வரை தெளிவான தாமதம் கொடுத்தது. அடுத்த ஆண்டே டி.எம்.2 நின்றது. அதன் தம்பி டி.எம்.3 சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து ஓய்ந்தது. 1990களின் இறுதிக்குள் பானசோனிக்கும் இந்த ஐ.சி.க்களைச் செய்வதைக் கைவிட்டது. பழைய பெடலில் ஐ.சி. போனால் மாற்றுக் கிடைக்காமல் ரிப்பேர்காரர்கள் திண்டாடினார்கள்.

ஆனால் வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். டிஜிட்டலில் எதிரொலி அசலைப் போலவே பளிச்சென்று வருவதால், அடுத்து வாசிக்கும் சுரத்தோடு மோதுகிறது. அனலாக்கில் அது மங்கி ஒதுங்கிப் புதுச் சுரத்துக்கு வழிவிடுகிறது. மலையடிவாரத்தில் கூப்பிட்டால் வரும் எதிரொலியும் அப்படித்தானே மங்கும்? இவர்கள் கேட்டது பழைய பெட்டியை அல்ல, அந்த மங்கலை. 2008இல் எம்.எக்ஸ்.ஆர். கம்பெனி கார்பன் காப்பி என்று ஓர் அனலாக் பெடலை வெளியிட்டது. தட்டச்சு செய்த நமக்குப் பெயரின் பொருத்தம் புரியும். அடிக்கடி அடித் தாளுக்கு எழுத்து மங்கும். 2014இல் பாஸ் கம்பெனியும் டி.எம்.2ஐ மறுபடி கொண்டுவந்தது. வேறு கம்பெனிகள் அந்த ஐ.சி.க்களுக்கு இணையானவற்றைச் செய்யத் தொடங்கின.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அதே 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர் மின்னூட்டத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்தும் இன்னொரு கருவியை வகுத்தார்கள். அது சி.சி.டி. என்ற பெயரில் டிஜிட்டல் கேமராவுக்குக் கண்ணானது. 2009இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தப் பரிசின் மறுபாதி, கண்ணாடி இழையில் ஒளியை வெகுதூரம் அனுப்ப வழி சொன்ன சார்லஸ் காவுக்குப் போனது. எங்கள் துறைக்காரர்கள் கும்பிட வேண்டிய மனிதர். வாளி வரிசைக்காரர்களான சாங்ஸ்டரையும் டியரையும் பற்றி அன்று பத்திரிகையில் நான் ஒரு வரி பார்க்கவில்லை. மேடைதோறும் கிதார்காரர்கள் அவர்கள் சுற்றைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தி யாரிடமாவது அனலாக் டிலே பெடல் இருந்தால், தாமதத்தை உச்சத்துக்குத் திருப்பி ஒரே ஒரு சுரம் மட்டும் மீட்டச் சொல்லுங்கள். மூன்றாவது எதிரொலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானதாகவே இருக்கும்.