தலையில் வைத்த கை

எனக்குத் திடப்படுத்தல் ஆனபோது வயசு பதினாலு. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் உபதேசியார் மனப்பாடம் பண்ண வைத்தார். குழந்தையில் ஞானஸ்நானத்தின்போது பெரியவர்கள் நமக்காகக் கொடுத்த வாக்கை நாமே வாய்திறந்து சொல்லணும், அத்தியட்சர் தலையில் கை வைப்பார், அப்புறம் நற்கருணை. ஊர்த்தெருப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டோம். எங்க பாட்டிக்கு அதில் ஒண்ணுதான் பெரிசு: "அவ்ளோ பெரிய மனுசன் ஒன் தலையத் தொட்டாரேடா."

பாட்டி சொன்னதுதான் வேர். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் கை வைத்தது சமாரியர்மேல். யூதர்கள் ஒட்டி உறவாடாத சனம் அது. தீட்டை மீறிய கைதான் சடங்கானது.

இங்கே நடந்தது என்ன? 1826 ஏப்ரல் 3 காலை, திருச்சிக் கோட்டையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்த ஹீபர் அத்தியட்சர் அன்றே இறந்தார். சாதி விஷயத்தில் விட்டுப்பிடிக்கலாம் என்று நினைத்தவர் அவர். பின்னாளில் அதே பதவிக்கு வந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது என்று 1833இல் உத்தரவிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் வெளியேறினார்கள். சபையை விட்டாலும் விடுவார்கள், நம்மோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டார்கள்!

எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இன்றும் சுவர் நிற்கிறது. அத்தியட்சர் கைபட்ட தலைகள்தான் இரண்டு பக்கமும் கிடக்கின்றன. நாங்க கொடுத்த வாக்கில் உறுதியாத்தான் இருக்கோம். அவங்க எதில் திடப்பட்டாங்க?